90 டிகிரி தவறிய பேனல் சா மெஷினும் அதன் வயிற்றுக்குள் கழன்ற ஹோஸும்

ஆடி மாதம், மரவேலை மெஷின் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆவணி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆடியிலேயே கிச்சன் வேலையை முடித்துக் கேட்பார்கள். அப்படி ஒரு ஆடியில்தான் கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு மாடுலர் கிச்சன் பட்டறையிலிருந்து போன் வந்தது. "அண்ணா, மெஷின் 90 நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை ஆள் வந்து செட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்ணா."

மெஷின், 3200 மில்லி (மில்லிமீட்டர்) ஸ்லைடிங் டேபிள் உள்ள பேனல் சா, அதாவது நகரும் மேஜையில் பலகையை வைத்துத் தள்ளி அறுக்கும் ரம்பம். 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் கொண்டுவந்த அமைப்பின் வழியில் இன்று எத்தனையோ நாடுகளில் செய்யப்படும் ரகம்தான். 300 மில்லி மெயின் பிளேடு, அதன் முன்னால் பலகையின் அடிப்பக்கம் சிதறாமல் முதலில் கீறிவிடும் 120 மில்லி ஸ்கோரிங் பிளேடு, கைச்சக்கரத்தால் சுற்றிப் பிளேடை 90 டிகிரியிலிருந்து (அதாவது செங்குத்திலிருந்து) 45 வரை சாய்க்கும் டில்ட். வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. என்ன கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும் கோளாறை நாலைந்து கம்பெனி மெஷின்களில் பார்த்துவிட்டேன்.

போனதும் 18 மில்லி ப்ரீலாம் போர்டில் (லேமினேட் ஒட்டியே வரும் பலகை) ஒரு துண்டு வெட்டச் சொல்லி, வெட்டு முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். மேல் விளிம்பில் மட்டம் ஒட்டி நின்றது. கீழ் விளிம்பில் கோடாக வெளிச்சம். இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டால் கால் மில்லி போகிறது. 18-க்குக் கால் மில்லி என்றால் முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஓரத்தில் எட்ஜ் பேண்டிங் நாடா ஒட்டி இரண்டு பலகையைச் சேர்த்தால் மூட்டில் கறுப்புக் கோடு தெரியும். கிச்சன் ஷட்டரில் அதைப் பார்க்கும் வீட்டம்மா சும்மா விடமாட்டார்.

ஆபரேட்டர் தம்பியிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "எப்பவுமே இப்படித்தான் வருதா, இல்ல சில நேரம் சரியா வருதா?"

"காலைல சரியா வருதுங்ணா. 45 வெட்டிட்டுத் திரும்ப நேரா நிறுத்துனா போயிருதுங்ணா."

வழக்கில் பாதி இந்தப் பதிலிலேயே இருந்தது. பிளேடு தொகுதி வந்து முட்டி நிற்கும் ஸ்டாப்பர் போல்ட் தளர்ந்திருந்தால் தவறு ஒரே பக்கமாக மெல்ல மெல்லக் கூடும். பேரிங் ஆடினால் வெட்டு முகம் கரடுமுரடாகும். 45-க்குப் போய்த் திரும்பும்போது மட்டும் மாறுகிறது என்றால், திரும்பி வந்து முட்டும் இடத்தில் ஏதோ ஒன்று நடுவில் நிற்கிறது. முன்பு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். முதலில் வந்தவர் போல்ட்டைத் திருகி 90-க்குக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து யாரோ ஏர் அடித்து மெஷினைச் சுத்தம் செய்ய, வெட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் அதே போல்ட்டைத் திரும்பத் திருகிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருவரும் செய்த வேலை அன்றைக்குச் சரியானதுதான்.

உள்ளே கைவிடும் முன் வழக்கமான சடங்கு. மெஷின் சுவிட்சை நிறுத்தினால் போதாது. மெஷினுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் த்ரீ ஃபேஸ் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பிறகு இரண்டு பிளேடையும் கழற்றி வெளியே வைத்துவிடுவேன். நின்றுபோன பிளேடும் கையைக் கிழிக்கும்.

பின்பக்கக் கதவைத் திறந்ததும் தூள் சரிந்து என் செருப்புக்குள் இறங்கியது. பெட்டியின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு மரத்தூள். மோட்டாரின் மேல் பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது. அதன் ஃபேன் மூடியின் ஓட்டைகளில் எம்.டி.எஃப் (மரநார்ப் பலகை) தூள் மாவு மாதிரி அப்பியிருந்தது. வெயில் நேரத்தில் ஓவர்லோடு ட்ரிப் ஆகிறது என்ற உபரிப் புகாருக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பிளேடு தொகுதியைத் தாங்கிச் சாயும் பிறை வடிவ இரும்பின் பள்ளத்தில் தூள் இறுகிப்போயிருந்தது. 90-இன் ஸ்டாப்பர் போல்ட் தலையில் ஒரு வில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் அடை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. வெர்னியரில் அளந்தேன், 2.8 மில்லி. சாயும் அச்சிலிருந்து அந்தப் போல்ட் ஏறக்குறைய 200 மில்லி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 2.8 மில்லி என்றால் 0.8 டிகிரி. மூலைமட்டம் சொன்ன அதே கணக்கு. தூளும் லேமினேட் பசையும் சேர்ந்து, ஒவ்வொரு முறை ஆபரேட்டர் தட்டும்வரை சுற்றும்போதும் நசுங்கி நசுங்கி இரும்புபோல ஆகியிருந்தது.

சரி, தூள் ஏன் இங்கே வந்தது? பட்டறையில் 3 எச்.பி இரட்டைப் பை டஸ்ட் கலெக்டர் (தூளை உறிஞ்சும் மெஷின்) இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. பட்டறைக்காரர் உட்பட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஹோஸ் அடைச்சிருக்கும்."

தண்ணீர் சொன்ன சாட்சி

அடைப்பா, ஓட்டையா என்று கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் கருவி, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்தான். ஒரு மீட்டர் வெட்டி, பலகையில் 'ப' எழுத்து போல வளைத்து அடித்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய இரண்டு துளி சொட்டு நீலம் விட்டிருக்கிறேன். ஒரு முனையை மெஷினுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிக் குழாயில் சின்னத் துளை போட்டுச் செருகுவேன். மறுமுனை திறந்திருக்கும். கலெக்டர் இழுக்கும்போது ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லியில் படிக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்துவிட்டுப் பாதியைத் தொலைத்தவர்களும் உண்டு.

கலெக்டர் பையை நன்றாகத் தட்டிவிட்டு அளந்தேன். பை அடைத்திருந்தாலும் இந்த இடத்தில் அளவு குறையும், அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெஷினோடு மாட்டியபடி 74 மில்லி. குழாயை மெஷினிலிருந்து கழற்றி, வாயைக் காற்றில் சும்மா விட்டபோது 70. குழாய் வாயை உள்ளங்கையால் முழுக்க மூடினால் 210.

இந்த மூன்று எண்ணே போதும். உள்ளே அடைப்பு இருந்தால் 74 என்பது 210-ஐ நோக்கி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மாட்டினாலும் கழற்றினாலும் ஏறத்தாழ ஒரே அளவு என்றால், கலெக்டருக்கு மெஷின் இருப்பதே தெரியவில்லை என்று அர்த்தம். காற்று எங்கோ தடையில்லாமல் நுழைகிறது. பிளேடு பக்கத்திலிருந்து வரவில்லை.

தூளை அள்ளி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏர் கன்னால் அடிக்க விடவில்லை, வேக்குவம் வைத்துத்தான் எடுத்தோம். ஏர் அடித்தால் தூள் பேரிங்குக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் போகும், மிச்சம் எல்லாம் நம் நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது 1995-இலேயே. இதைச் சொன்னால் பட்டறையில் சிரிப்பார்கள், அதனால் நான் மூக்குத்துணியை நீட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அள்ளியபின் தெரிந்தது. பிளேடைச் சுற்றிக் கீழே ஒரு தகரக் கூடு இருக்கும். அதன் வாயிலிருந்து பெட்டியின் பின்சுவரில் உள்ள 100 மில்லி வெளிவாய் வரைக்கும் ஒரு வளையும் ஹோஸ். இந்த மெஷினில் அந்த ஹோஸ் சுவர்ப்பக்கம் மட்டும் மாட்டியிருந்தது. கூட்டின் பக்கம் கழன்று, பெட்டியின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு தூளுக்குள் புதைந்து கிடந்தது. தூளின் மேல்மட்டத்தில் ஒரு மூலையில் காற்று குடைந்த ஒரு வளை. அதன் வழியாகத்தான் கலெக்டர் இத்தனை நாள் வெறும் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பச்சை ஹோஸ்

அந்த ஹோஸ் கம்பெனி கொடுத்தது இல்லை. பம்ப்செட் கடையில் தொங்குமே, கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் பச்சை சக்‌ஷன் ஹோஸ், அந்த 4 இஞ்ச் ஹோஸில் ஒன்றரை அடித் துண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் கம்பெனி ஹோஸ் கிழிந்தபோது, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி யாரோ மாட்டியிருக்கிறார்கள். 4 இஞ்ச், 100 மில்லி, அளவு சரிதானே!

அளவு சரி, குணம் சரியில்லை. சக்‌ஷன் ஹோஸின் உள்ளே கெட்டி பி.வி.சி சுருள் ஓடுகிறது. தண்ணீர் இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒன்றரை அடித் துண்டைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், முழங்கை வலிக்கும். நீளவும் நீளாது. பேனல் சாவின் வயிற்றுக்குள் இருக்கும் ஹோஸுக்கோ வேலையே வளைவதும் நீளுவதும்தான்.

இதைப் பட்டறைக்காரருக்குப் புரியவைக்கக் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிக் காட்டினேன். பிளேடு சாயும்போது மேஜைக்கு மேலே தெரிவது கொஞ்சம்தான். மேஜைமட்டத்தில்தான் அச்சு, அதனால் மேலே அசைவு குறைவு. கீழே போகப் போகக் கூடும். கூட்டின் வாய் அச்சிலிருந்து 350 மில்லி கீழே இருக்கிறது. 45 டிகிரி சாய்ந்தால் அந்த வாய் நேர்க்கோட்டில் அளந்தால் 268 மில்லி நகர்ந்துவிடும். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு! அதோடு வாய் பார்க்கும் திசையும் 45 டிகிரி திரும்பிவிடும். பிளேடை ஏற்றி இறக்கும்போது மேலும் 80, 90 மில்லி. சுவரில் இருக்கும் முனை அசையாது. அசையும் வாய்க்கும் அசையாத வாய்க்கும் நடுவில் இழுபடுகிறவன் இந்த ஹோஸ்.

"அப்ப இது பைப் இல்லைங்ணா, பெல்ட் மாதிரி" என்றார் அவர். நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன். பெல்ட்டை மாற்றும்போது நம்பர் பார்ப்போம், இழுவை பார்ப்போம். ஹோஸை மாற்றும்போது விட்டம் மட்டும் பார்க்கிறோம்.

பச்சை ஹோஸ் 90-இல் பொருந்தியிருக்கிறது. முதல் முறை 45-க்குப் போனபோதே விறைத்துக்கொண்டு கூட்டின் வாயை இழுத்திருக்கும். அது கழன்றுவிடாமல் இருக்க மாட்டியவர் ஒரு யோசனை செய்திருந்தார். கூட்டின் வாயில் சுற்றிவர மூன்று செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூக்களின் கூர்முனை உள்ளே அரை இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தது. போர்டு ஓரம் சீவும்போது விழும் இரண்டு மில்லி கீற்றுகளும் லேமினேட் நாடாக்களும் அந்த முனைகளில் மாட்டி, குருவிக்கூடு கட்டியிருந்தன. முதலில் கூடு கட்டி அடைப்பு, அடைத்த எடை தாங்காமல் ஸ்க்ரூ ஓட்டை கிழிந்து கழற்சி. அடைப்பு என்று எல்லோரும் சொன்னது தவறில்லை. ஒரு வருடம் பழைய செய்தி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. கூட்டின் பக்கவாட்டில் பிளேடு மாற்றத் திறக்கும் மூடி காணோம். மாதத்துக்கு நாலு தடவை பிளேடு மாற்றுகிறவர்கள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டுக் கழற்றி வைத்துவிட்டார்கள். அந்த வாசல் 200-க்கு 120 மில்லி, அதாவது 240 சதுர சென்டிமீட்டர். 100 மில்லி ஹோஸின் வாய் 78.5 சதுர சென்டிமீட்டர்தான். ஹோஸை எவ்வளவு நன்றாக மாட்டினாலும், அதைவிட மூன்று மடங்கு பெரிய ஜன்னல் பக்கத்திலேயே திறந்திருந்தால் காற்று அந்த வழியாகத்தான் வரும். பிளேடின் பல் வெட்டும் இடத்தில் மேஜை இடுக்கு வழியாகக் கீழே இழுபடாது. மூடி அலமாரிக்கு அடியில் கிடைத்தது. நல்லவேளை.

என் தவறும் இங்கே உண்டு

புது ஹோஸ் என்ன போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளே செம்பு பூசிய ஸ்டீல் கம்பிச் சுருள் ஓடும், மெல்லிய பி.யூ (பாலியூரித்தேன்) ஹோஸ், 100 மில்லி. கையால் அழுத்தினால் துருத்தி மாதிரி மடங்கும். லேமினேட் கீற்றின் அறுப்பை சாதா பி.வி.சியைவிட அதிகம் தாங்கும். கம்பி இருப்பதால் எர்த் செய்ய முடியும். ஆடிக்காற்று அடிக்கும் வறண்ட நாளில் தூள் உரசி ஓடும்போது சேரும் மின்சாரம் ஆபரேட்டர் கையில் சுளீர் என்று தட்டும். அந்தத் தம்பி இதை மெஷின் லீக்கேஜ் என்று நினைத்து ஒருமுறை எலக்ட்ரீஷியனைக்கூட அழைத்திருக்கிறான்.

தவறியது நீளத்தில். சின்னதாக இருந்ததால்தானே கழன்றது, தாராளமாக விடுவோம் என்று 900 மில்லி வெட்டி மாட்டினேன். 45-க்கும் 90-க்கும் சுற்றிப் பார்த்தேன், எங்கும் இழுக்கவில்லை. தண்ணீர் மட்டம் 124. எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்டாப்பர் போல்ட்டை மூலைமட்டத்துக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது நாள் போன். "அண்ணா, உள்ள ரப்பர் தீயற வாசம் வருதுங்ணா."

போய்த் திறந்தால், 90-இல் நிற்கும்போது உபரி நீளம் கீழே தொங்கி, ஒரு வளைவாக ஸ்கோரிங் பெல்ட்டின் மேல் சாய்ந்திருக்கிறது. நான் சோதித்தபோது ஹோஸ் காலியாக இருந்தது, கலெக்டரும் ஓடவில்லை. கலெக்டர் இழுக்கத் தொடங்கியதும் மெல்லிய ஹோஸ் சுருங்கி இடம் மாறுகிறது. தொங்கலில் தூள் தேங்கி எடை கூடியதும் இன்னும் இறங்குகிறது. ஸ்கோரிங் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 8000 சுற்றுக்குக் குறையாமல் ஓடும். அதன் பெல்ட் உரசி, ஹோஸில் ஐந்து ரூபாய் அளவுக்கு ஓட்டை. தண்ணீர் மட்டம் 95-க்கு இறங்கியிருந்தது. பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த ஹோஸுக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டாம் முறை அவசரப்படாமல் செய்தேன். இந்த வேலையை வேறு மெஷினில் செய்யப்போகிறவருக்கு இந்தப் பகுதிதான் உதவும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளேடு தொகுதிக்கு நாலு மூலை உண்டு: நேராக நின்று முழுக்க ஏறியது, நேராக நின்று முழுக்க இறங்கியது, 45-இல் ஏறியது, 45-இல் இறங்கியது. ஒவ்வொரு மூலையிலும் கூட்டின் வாய்க்கும் சுவர் வாய்க்கும் நடுவே கயிறு பிடித்து அளந்தேன். 340, 300, 430, 470 மில்லி வந்தது. மிக நீண்டது 470. இரண்டு முனையிலும் ஏறி உட்கார 50, 50 சேர்த்தால் 570. இவ்வளவு மட்டும் வெட்டினால் 45-இல் ஹோஸ் நாண் ஏற்றிய வில் மாதிரி விறைத்து நிற்கும். வளைவுக்குக் கொஞ்சம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது கணக்கில் வராது. 750 வெட்டி, மாட்டி, கலெக்டரை ஓடவிட்டு, பிளேடு இல்லாமல், மெயின் மோட்டாருக்கு மின்சாரம் இல்லாமல், நாலு மூலைக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு சுருள் வெட்டு, திரும்பச் சுற்று. 680-இல் நின்றது.

அப்போதும் 90-இல் ஹோஸ் பெல்ட் பக்கம் பிதுங்கவே பார்த்தது. காரணம் நீளம் இல்லை, சுவர் வாயின் திசை. அது நேராக உள்ளே பார்த்து நிற்கிறது. கூட்டின் வாயோ 90-இல் ஒரு திசை, 45-இல் வேறொரு திசை. இரண்டுக்கும் நடுவில், அதாவது 22 டிகிரி சாய்வில் கூட்டின் வாய் எங்கே இருக்குமோ அந்த இடத்தைப் பார்த்து சுவர் வாய் திரும்பியிருந்தால், ஹோஸ் இரண்டு பக்கமும் சமமாக வளைந்து போகும். ஒரு பக்கம் மட்டும் முழு வளைவையும் தாங்க வேண்டியதில்லை. உக்கடம் பக்கம் தகர வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் ஒரு மில்லி ஜி.ஐ. ஷீட்டில் சின்ன முழங்கை செய்து வாங்கினேன். அட்டையில் வெட்டிக் கொண்டுபோன மாதிரியைப் பார்த்ததும், "இது எந்தக் கோணமும் இல்லையே தம்பி" என்றார். ஆமாம், எந்தக் கோணமும் இல்லைதான். அந்த மெஷினுக்கு மட்டும் ஆன கோணம். அதை மாட்டியதும் ஹோஸ் பெல்ட்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போய்விட்டது. அதற்கு மேலும் காப்பாக, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, ஹோஸின் நடுவில் ஒரு சுற்று சுற்றி, பெட்டியின் மேல்மூலையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். சாயும்போது நீண்டு கொடுக்கும், நிமிரும்போது தூக்கிப் பிடிக்கும். கம்பியால் கட்டக் கூடாது, கட்டினால் அந்த இடத்தில் ஹோஸ் அறுபடும்.

முனைகளை மாட்டுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சாதாரண ஹோஸ் கிளிப் தட்டையான பட்டை. கம்பிச் சுருள் உள்ள ஹோஸின் மேல் அதை இறுக்கினால் சுருள் மேட்டில் ஏறி நிற்கும். பள்ளத்தில் காற்று புகும், நாலு நாள் அதிர்வில் நழுவும். சுருளைத் தாண்டிப் போகப் பாலம் மாதிரி மடிப்பு உள்ள கிளிப் கிடைக்கிறது. அது கிடைக்காத ஊரில், முதல் சுருளின் கம்பியை இரண்டு இஞ்ச் உருவி, சமமான இடத்தில் பட்டையை இறுக்கலாம். நான் உருவிய அந்தக் கம்பியை வெட்டி எறியாமல் வெளியே மடக்கி, கூட்டின் இரும்பில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து முடுக்கினேன். சுவர்ப்பக்கமும் அப்படியே. எர்த் முடிந்தது. கூட்டின் வாய் வழவழப்பான தகரம் என்பதால், சைக்கிள் டியூப் வளையம் ஒன்றை முதலில் மாட்டி அதன்மேல் ஹோஸை ஏற்றினேன். பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை உள்பக்கம் வழவழப்பாக இருக்கும்படி அலுமினிய டேப்பால் அடைத்தேன். இரண்டு முனைக்கும் ஸ்க்ரூ என்பதே கிடையாது.

கீற்று விழுவதைத் தடுக்க கூட்டுக்குள் வலை வைக்கலாமே என்று தம்பி கேட்டான். பல பட்டறையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஹோஸில் மாட்டுவது வலையில் மாட்டும், அதுவும் பிளேடுக்கு ஒரு சாண் பக்கத்தில். அதற்குப் பதில் மேஜையில் பிளேடு ஓரமாக இருந்த தேய்ந்த பட்டையை மாற்றினோம். இடுக்கு ஆறு மில்லியாக அகன்றிருந்தது. புதுப் பட்டையைப் போட்டு, பிளேடை மெல்ல ஏற்றி அதுவே வெட்டிக்கொண்டு வரும்படி விட்டதில் இடுக்கு குறைந்து, கீற்றுகள் மேஜை மேலேயே தங்க ஆரம்பித்தன. சின்ன இடுக்கில் காற்றும் வேகமாக இறங்கும்.

முடித்தபின் தண்ணீர் மட்டம் 118. முதல்முறை 124 காட்டியதை நினைத்துப் பட்டறைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அந்த உபரி 6 மில்லி, தொங்கிய ஹோஸின் உபரி நீளமும் வளைவும் கொடுத்த தடைதான். எண் ஏறினால் இழுவை கூடியது என்று அர்த்தமில்லை. 210, 70, 118 என்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் குழாயில் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டரை ஒட்டி வருகிறது. உலர்ந்த மரத்தூள் படியாமல் ஓட அந்த வேகம் வேண்டும். 100 மில்லி குழாயில் அது மணிக்கு 565 கன மீட்டர். கலெக்டரின் கேட்டலாக்கில் போட்டிருப்பது இதைப்போல் பல மடங்கு. ஹோஸ், பை எதுவும் மாட்டாமல் வெறும் ஃபேன் ஊதுவதை அளந்து போடுவார்கள், அதை நம்பிக் குழாய் போடக் கூடாது.

மேலே பிளேடை மூடும் காப்பான பிளேடு கார்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதற்கும் ஒரு சின்ன ஹோஸ் இருக்கிறது, அவர்கள் அதைக் கழற்றிச் சுவரில் மாட்டிவைத்திருந்தார்கள். மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள். நான் கிளம்பியபின் என்ன ஆனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கலெக்டரிலிருந்து மெஷின் வரைக்கும் இருபத்தைந்து அடி முழுக்க வளையும் ஹோஸாகவே போகிறது. நேராகப் போகும் இடத்தில் வழவழப்பான குழாய் போட்டால் இழப்பு பாதியாகும் என்றும் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஆவணிக்கு அப்புறம் என்றார் பட்டறைக்காரர். எந்த வருட ஆவணி என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கதவைத் திறந்து பார்த்தேன். அடியில் இரண்டு கைப்பிடி தூள். ஸ்டாப்பர் போல்ட் தலை பளபளவென்று இருந்தது. 45-க்குப் போய்த் திரும்பிய துண்டில் மூலைமட்டத்துக்கு வெளிச்சம் இல்லை. ஹோஸின் உள்வளைவில் மட்டும் கீற்று உரசிய வெள்ளைக் கோடுகள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் அந்த இடம் போகும். அப்போது மாற்ற வேண்டிய நீளத்தை, 680 என்று, கதவின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே யாரோ விநாயகர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

நீலத் தண்ணீர்ப் பலகையைத் திரும்ப எடுத்துவர மனம் வரவில்லை. மெஷினுக்குப் பின்சுவரில் ஆணி அடித்து அங்கேயே விட்டுவிட்டு, 118-இல் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். தை மாதம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, தண்ணி 85-க்கு வந்துருச்சுங்ணா."

"பையத் தட்டுனியா?"

"தட்டிட்டேங்ணா."

"நேத்து பிளேடு மாத்துனீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு யாரையோ இந்தியில் திட்டுவதும், தகர மூடி ஒன்று சிமென்ட் தரையில் இழுபடுவதும் கேட்டது.